ஒரு மணி நேரத்தில் முடிகிற ஊர் இல்லை கோடியக்கரை

“கோடியக்கரைக்கா? அங்க பார்க்க என்ன இருக்கு? ஒரு மணி நேரம் போதும், திரும்பிடலாம்.”

டெல்டாவில் யாரை விசாரித்தாலும் இந்தப் பதில்தான் கிடைக்கும். வேன் ஓட்டுநர் சொல்வார், தங்கும் விடுதியில் சாவி கொடுப்பவர் சொல்வார், போய்வந்த உறவுக்காரர் சொல்வார். வேளாங்கண்ணி, நாகூர், வேதாரண்யம் என்று போகிற பயணத்தில் கோடியக்கரை கடைசியாக ஒட்டிக்கொள்கிற பெயர். நேரமிருந்தால் பார்ப்பது, இல்லையென்றால் விட்டுவிடுவது. இதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வரும்: “ரெண்டு பேர் மட்டும் போய் நாள் பூரா அங்க என்ன செய்யப்போறீங்க?”

இரண்டுமே தவறான பேச்சு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தவறு என்பதோடு நிற்காமல், இதனால் கெடுதலும் வருகிறது. ஓர் இடத்தில் ஒன்றுமில்லை என்று ஊரே சொல்லத் தொடங்கினால், அடுத்தபடியாக “அங்கே ஏதாவது கொண்டுவர வேண்டும்” என்ற பேச்சு கிளம்பும். இருப்பதை அழித்துவிட்டு வேறெதையோ கொண்டுவந்து வைப்பது அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

முதலில், இந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் எந்த நேரத்தில், எங்கிருந்து பார்த்தார்கள் என்று கேட்போம். விடியற்காலையில் கிளம்பிய வேன் வேளாங்கண்ணியில் நிற்கிறது. பிறகு வேதாரண்யேசுவரர் கோவிலில் நடை சாத்துவதற்குள் தரிசனம், அப்புறம் சாப்பாடு. கோடியக்கரைக்குள் நுழையும்போது உச்சி வெயில். ராமர் பாதத்தில் இறங்கி ஒரு கும்பிடு, ஒரு படம். கடல் தெரிகிற இடத்தில் பத்து நிமிடம். பிறகு ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். அந்த நேரத்தில் வெளிமான் நிழல் பார்த்து ஒதுங்கியிருக்கும். அது மேய வருவது காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும். பறவைகள் சேற்றுப் பரப்பில் எந்தப் பக்கம் இறங்கும் என்பது காற்றையும் தண்ணீர் மட்டத்தையும் பொறுத்தது. உச்சிவேளையில் வண்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தவருக்கு எதுவும் தென்படவில்லை என்றால், அது பார்த்த நேரத்தின் குற்றம், பார்த்த விதத்தின் குற்றம். ஊர்மேல் போடக்கூடாது.

இருப்பது என்ன என்று சொல்கிறேன். சோழமண்டலக் கடற்கரை தெற்கே இறங்கிவந்து, சட்டென்று மேற்கே திரும்புகிற முனை இது. ஒருபுறம் வங்காள விரிகுடா, இன்னொருபுறம் பாக் நீரிணை. அந்த முனையில் உலர் பசுமைமாறாக் காடு நிற்கிறது. சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் பரவியிருந்து, இன்று கோவில் காடுகளாகவும் துண்டு துக்காணிகளாகவும் சுருங்கிப்போன காட்டு வகை; அதில் எஞ்சியிருக்கும் பெரிய பரப்புகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. வெளிமானைக் காப்பதற்காக 1967-இல் இது சரணாலயமானது. சுற்றியுள்ள சதுப்பும் உப்பங்கழியும் சேர்ந்து 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆண்டுக்கணக்கில் இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற கொசு உள்ளான், முப்பது கிராம்கூட நிறை இல்லாத பறவை, வடதுருவத்தை ஒட்டிய சமவெளியிலிருந்து பறந்து வந்து நம்முடைய சேற்றில் இரை தேடுகிறது. பூநாரைகள் ஐப்பசிக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக வருகின்றன. இதைத்தான் “ஒன்றுமில்லை” என்கிறோம்.

சரணாலயத்தின் பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர். வண்டியில் போனால் ஒரு மணி நேரம்கூட வேண்டாம், உண்மைதான். ஆனால் இந்தச் சின்னப் பரப்புக்குள் அடர்ந்த காடு, புல்வெளி, சதுப்பு, மணல்மேடு, கடற்கரை என்று ஐந்து விதமான நிலம் அடுத்தடுத்து வருகிறது. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிற இடம் காலுக்குத்தான் தெரியும். கெட்டித் தரை பொடிமணலாக மாறுவதும், காட்டுக்குள் அடங்கிப்போன காற்று திடீரென்று முகத்தில் அறைவதும், கண்ணில் படுவதற்கு முன்பே கடல் காதில் விழுவதும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்காது.

சென்ற தை மாதம் நானும் என் கணவரும் ஒருநாள் முழுக்க அங்கே நடந்தோம். வனத்துறையில் அனுமதி வாங்கி, அனுமதித்த தடத்தில் மட்டும். உள்ளூர்க்காரரான வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் துணைக்கு வந்தார். காலை வெயில் ஏறுவதற்கு முன்பே காட்டுக்குள் போய்விட்டோம். பாலை மரங்கள் அதிக உயரம் இல்லாதவை. கிளைகள் பின்னிக்கொண்டு தலைக்குமேல் கூரையாக நிற்கும். ஓரிடத்தில் பெரிய பாலை ஒன்று அடியோடு சாய்ந்து கிடந்தது. படுத்த மரத்தின் முதுகிலிருந்து நான்கைந்து கிளைகள் நேராக மேலே எழுந்து, ஒவ்வொன்றும் தனி மரம்போல் தழைத்திருந்தன.

“கஜாவுல விழுந்ததாங்க?” என்று என் கணவர் கேட்டார்.

“ஆமா சார். ஆனா வேர் விடல பாருங்க. படுத்துக்கிட்டே துளுத்துருச்சு.”

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை அது என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். காடும் அன்றைக்குச் சிதைந்தது. வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் செத்தன. அந்தக் காடு தன்னைத்தானே எப்படித் தூக்கி நிறுத்திக்கொள்கிறது என்பதை ஒற்றை மரத்தின் அருகே நின்று பார்க்க எங்களுக்குக் கால்மணி நேரம் பிடித்தது. மேல்நோக்கி எழுந்த கிளைகளின் பருமனைக் கையால் சுற்றிப் பார்த்தோம். அடிமரத்தின் பட்டை வெடிப்பு வெடிப்பாகக் கரடுமுரடாக இருந்தது; புதுக்கிளைகளின் பட்டையில் இன்னும் அந்த வெடிப்பு ஏறவில்லை. சாலையிலிருந்து பார்த்தால் இது ஒரு “விழுந்து கிடக்கிற மரம்”, அவ்வளவுதான்.

புல்வெளியின் ஓரத்தில் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். தரையில் புழுக்கை குவியலாகக் கிடந்தது. பழையது காய்ந்து வெளுத்திருக்க, அதன்மேலேயே புதியது. கடா வெளிமான் தன் எல்லையை இப்படித்தான் குறித்துவைக்கிறது. திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து போட்டுவிட்டுப் போகும். இது என்னுடைய இடம் என்று மற்றக் கடாக்களுக்குச் சொல்கிற வேலி அது. சற்று நேரத்தில் அதன் சொந்தக்காரரும் தூரத்தில் தென்பட்டார். முதுகு கருத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்பைப் பின்னால் சாய்த்து நின்றது அந்தக் கடா. நாங்கள் அசையாமல் நின்றோம். அதுவும் நின்றது. பிறகு குனிந்து மேயத் தொடங்கியது. எங்களை அது பொருட்படுத்தவில்லை என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கியது. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கடற்கரையில் ராவணன் மீசை மணலைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அதன் விதைக்கொத்து முட்பந்துபோல் உருண்டையாக இருக்கும். காம்பிலிருந்து பிரிந்ததும் காற்று அதை ஈரமணலில் உருட்டிக்கொண்டே போகும், போகிற வழியெல்லாம் விதை சிந்தும். அடம்பங்கொடி ஊதாப் பூவோடு மேட்டின்மேல் படர்ந்திருந்தது. இந்த இரண்டும் இல்லையென்றால் மணல்மேடு நிற்காது. அழகுக்காக இவற்றை வழித்தெடுத்துவிட்டுப் புல்தரை போடச்சொல்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இன்னும் சற்றுத் தள்ளி, பங்குனி ஆமை ஒன்று செத்து ஒதுங்கிக் கிடந்தது. முட்டையிட வருகிற காலத்தில் வலையில் மாட்டி மூச்சுமுட்டிச் சாகிற ஆமைகள் நம் கரையோரம் முழுக்க இப்படி ஒதுங்குகின்றன. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள் என்ற செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். அந்தச் செய்தி எதற்காக வருகிறது என்பது அந்த ஓட்டின் பக்கத்தில் நின்றபோதுதான் எங்களுக்கு முழுதாகப் புரிந்தது.

இனி அந்த இரண்டாவது கேள்வி. “ரெண்டு பேர் மட்டும் போய் என்ன செய்வீங்க?” இதைக் கேட்டவர் என் நெருங்கிய உறவினர்தான். அன்போடுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குள் எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் ஒரு முழுச் சட்டம் அடங்கியிருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் வெளியே போனால் அது கோவிலுக்காக இருக்க வேண்டும், கல்யாணத்துக்காக இருக்க வேண்டும், துக்கத்துக்காக இருக்க வேண்டும். பிள்ளைகளும் மாமியாரும் நாத்தனாரும் கூட இருக்க வேண்டும். காரணமில்லாமல் இருவர் மட்டும் நடந்தால், வயதில் சிறியவர்களைப் பார்த்து “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று குறுக்கு விசாரணை, எங்கள் வயதில் இருந்தால் “இந்த வயசிலயா?” என்று கேலி.

குடும்பச் சுற்றுலா என்று போற்றப்படுகிற அந்தப் பயணத்தைப் பெண்ணின் பக்கம் நின்று பாருங்கள். முதல்நாள் இரவே புளிக்காய்ச்சல். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கிளறி, வாழையிலை நறுக்கி, தண்ணீர் நிரப்பி, மாத்திரை எடுத்துவைத்து, போன இடத்தில் எல்லோருக்கும் பரிமாறி, மிச்சத்தை மூடி, திரும்பிவந்து பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்தால்தான் அவளுக்கு அந்தச் சுற்றுலா முடியும். அடுக்களை வேனில் ஏறி ஊர் சுற்றிவிட்டு வந்தது என்பதற்குமேல் அதில் அவளுக்கு என்ன இருக்கிறது? அந்தத் தை மாதத்து நாளில் வேதாரண்யத்தில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தை இரண்டு பேரும் மணல்மேட்டில் உட்கார்ந்து பிரித்தோம். நான் யாருக்கும் பரிமாறவில்லை. கூட்டத்தோடு போகும்போது கிடைக்காத ஒன்று இருவராகப் போகும்போது கிடைக்கிறது என்றால், பெண்களைப் பொறுத்தவரை முதலில் கிடைப்பது இதுதான்.

பேச்சு என்பது அடுத்தது. வீட்டில் நாங்கள் பேசுவதெல்லாம் கேஸ் சிலிண்டர், பள்ளிக் கட்டணம், யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்பதுதான். கடலோரமாக வெகுநேரம் பேசாமல் நடந்த பிறகு, அவர் தன் அப்பாவின் கடைசி வாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மாமனார் இறந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த வாரத்தில் நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி எனக்குப் புதிது. முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற ஆண்களுக்குப் பக்கத்தில் நடந்தபடி பேசுவது எளிதாக இருக்கிறது. இதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மனம் அவ்வளவு தூரம் போகாது.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்” என்று சொல்கிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் நின்றுகொண்டு இப்படிச் சொல்வது வியப்பாக இருக்கிறது. தலைவனும் தலைவியும் ஊர்விட்டு ஒன்றாக நடந்து போவதை உடன்போக்கு என்று ஒரு துறையாகவே வைத்துப் பாடிய மொழி இது. இதே கோடிக்கரைக்குச் சேரமான் பெருமாளோடு வந்த சுந்தரர், கோடிக்குழகர் கடலோரத்தில் தனியாக இருப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், துணையின்றி இங்கே இருப்பதேன் என்று இறைவனையே கேட்டுப் பதிகம் பாடினார். நடையும் எங்களுக்குப் புதிதில்லை. 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை உப்புக்காக நடந்தே வந்தார்கள். ஆவணி பிறந்தால் வேளாங்கண்ணிச் சாலையில் காவி உடுத்தியவர்கள் சாரிசாரியாக நடக்கிறார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலில் முழுக்குப் போடக் கூட்டம் வருகிறது. வேண்டுதலுக்காக நடந்தால் மரியாதை செய்கிறோம். பார்ப்பதற்காகவும் பேசுவதற்காகவும் நடந்தால் வேலையற்றவர்கள் என்கிறோம். அந்த வேறுபாட்டுக்கு எந்த நியாயமும் இல்லை.

“நாள் பூரா நடக்கிறது பணக்காரப் பொழுதுபோக்கு” என்பது இன்னொரு வாதம். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு டவுன் பஸ் போகிறது. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப்பாதையில் ரயிலும் வந்துவிட்டது. வேன் வாடகையோடு ஒப்பிட்டால் எங்களுக்கு ஆன செலவு கால்பங்கு இருக்காது. ஆனால் இந்த வாதத்தில் ஒரு உண்மை இருக்கிறது, அதைத் தள்ளமாட்டேன். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வெறுங்காலோடு உப்பு வாருகிற பெண்ணுக்குக் கூலியை விட்டுவிட்டு ஒரு நாள் நடக்க முடியாது. அதற்குத் தீர்வு அவருக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கேட்பது. நடப்பதே வீண் என்று சொல்வதால் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை.

காட்டை நேசிக்கிறவர்களே எழுப்புகிற எதிர்ப்புத்தான் கனமானது. வண்டியைவிட நடக்கிற மனிதனைக் கண்டால் மான் அதிகம் மிரளும் என்கிறார்கள். உண்மை. வண்டியைப் பழகிக்கொள்கிற விலங்குகூட இரண்டு காலில் வருகிற உருவத்தைக் கண்டால் ஓடும். ஆகவே புல்வெளிக்குள் யாரும் இறங்கி நடக்கக் கூடாது. ஓரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. ஆமை ஏறுகிற காலத்தில் இரவில் கரைப்பக்கமே போகக் கூடாது. ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வைக்கட்டும், உள்ளூர்க் காவலர் இல்லாமல் உள்ளே விடவேண்டாம். இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் அடங்கக்கூடியவர்கள் மெதுவாக நடக்கிற இரண்டு பேர்தான். பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற ஐம்பது பேரை எந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும் அடக்க முடியாது. சாலையோரக் குரங்குகள் காட்டுப் பழத்தை மறந்து சிப்ஸ் பாக்கெட்டுக்குக் கைநீட்டி நிற்பது நடந்துபோகிறவர்கள் செய்த காரியமில்லை.

“கூட்டம் வந்தால் ஊருக்குப் பிழைப்பு” என்பதையும் கேட்டிருக்கிறேன். ஒரு மணி நேரக் கூட்டம் ஊருக்கு என்ன கொடுக்கிறது? சாப்பாடு கையோடு வருகிறது, தண்ணீர் பாட்டில் வழியில் வாங்கியது, மிச்சம் விழுவது குப்பை மட்டும். நாள் முழுக்கத் தங்குகிறவர்தான் ஊரில் டீ குடிப்பார், மதியம் மீன் குழம்போடு சாப்பிடுவார், ஐப்பசி முதல் பங்குனி வரை வெளியூர் மீனவர்களும் வந்து கொட்டகை போட்டுத் தொழில் செய்கிற கரையில் கருவாடு வாங்குவார், துணைக்கு வந்தவருக்குக் கூலி கொடுப்பார். நூறு பேர் ஒரு மணி நேரம் வருவதைவிட, பத்துப் பேர் ஒரு நாள் இருப்பது கோடியக்கரைக்கு நல்லது.

அதனால்தான் “வசதி செய்து கொடுங்கள்” என்ற குரல் எழும்போதெல்லாம் எனக்குப் பதற்றம் வருகிறது. சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் நுழைந்து வெளிமானின் மேய்ச்சலைத் தின்றுகொண்டிருக்கிறது. மட்டக்குதிரைகளும் அதே புல்லுக்குப் போட்டியாக நிற்கின்றன. பணம் செலவழிக்க வேண்டுமென்றால் இடம் இதுதான்: கருவேலத்தை வேரோடு எடுப்பது, முனியப்பன் ஏரி போன்ற நன்னீர் நிலைகளைக் காப்பது. வண்ண விளக்கும், சிமெண்ட் டால்பினும், ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நட்டுவைத்த படமெடுக்கும் மேடையும் இந்த மண்ணுக்கு வேண்டாம். பொன்னியின் செல்வன் படித்துவிட்டும் பார்த்துவிட்டும் பூங்குழலியின் கரையைத் தேடி வருகிறவர்களுக்கும் அவை தேவையில்லை. அவர்கள் தேடிவருகிற காடும் சேறும் மணலும் அப்படியே இருக்கின்றன.

வேண்டிய வசதிகள் சில உண்டு. பெண்களுக்குத் தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. அது இல்லாததால் எத்தனையோ பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்புகிறார்கள். “ஒரு மணி நேரம் போதும்” என்ற பேச்சில் இந்தக் காரணமும் மறைந்திருக்கிறது. குடிதண்ணீர் வேண்டும். இருட்டிய பிறகு வேதாரண்யத்துக்குத் திரும்ப நம்பகமான ஒரு பஸ் வேண்டும். சூரியன் எழும் நேரத்திலேயே அனுமதிச் சீட்டு கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஊர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பறவையும் மரமும் சொல்லிக்கொடுத்து, வழிகாட்டிகளாகச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். இவ்வளவுதான். இதற்குக் கோடிகள் தேவையில்லை.

கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, மார்கழிக்கும் மாசிக்கும் நடுவில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறும் அமாவாசையும் வேண்டாம். முதல்நாள் இரவே வேதாரண்யத்தில் தங்கிவிடுங்கள். வெளிர்நிற உடுப்பு, தேய்ந்த செருப்பு, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் போதும். காலிப் பாட்டிலைத் திருப்பி எடுத்து வாருங்கள். குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள். சாப்பாட்டைக் கடையில் வாங்குங்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம்.